மாதிரிக் கோப்பு கொடுக்க வழிசெய்யுங்கள்: அலுவலகக் கணினிப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

அரசு அலுவலகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், மருத்துவமனைகள், பதிப்பகங்கள் ஆகியவற்றில் கணினிப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் அனைவருக்கும் வணக்கம்.

வேர்டு, எக்செல் போன்ற வேலைகளைச் செய்யும் இலவச மென்பொருளான லிப்ரேஆபிஸைப் பற்றி வரும் வழு (மென்பொருள் கோளாறு) அறிக்கைகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். நிரல் எழுதுவது என் வேலையில்லை. வந்த புகார் உண்மைதானா, என்ன செய்தால் அது மறுபடி வருகிறது, எந்தப் பதிப்பில் தொடங்கியது என்று பார்த்து, நிரலாளர் கையில் எடுக்கும் அளவுக்கு அதைத் தயார்செய்து வைப்பேன். இந்த வேலையில் நான் அடிக்கடி படிக்கிற வரி ஒன்று உண்டு: “கோப்பில் ரகசியத் தகவல்கள் இருப்பதால் அனுப்ப இயலாது.”

அப்படி எழுதும் ஊழியர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கடன் வாங்கியவரின் பெயரும் நோயாளியின் மருத்துவக் குறிப்பும் அவருடைய சொத்தல்ல, அதைப் பொதுவில் போட அவருக்கு உரிமையில்லை. ஆனால் கொடுக்கலாம் அல்லது கொடுக்கக்கூடாது என்பதைத் தாண்டி வேறொரு வழி இருக்கிறது என்பதை அவருடைய அலுவலகம் அவருக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தரவும் அனுமதி தரவும் உங்களால்தான் முடியும். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

கோப்பு வராத புகார் “தகவல் தேவை” என்ற நிலையில் வைக்கப்படும். ஆறு மாதம் அசைவில்லாமல் இருந்தால் தானியங்கி ஒரு நினைவூட்டல் போடும். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த ஒரு மாதத்தில் “போதிய தகவல் இல்லை” என்று மூடிவிடும். யாரும் அலட்சியம் செய்ததால் இப்படி ஆவதில்லை. கையில் எதுவும் இல்லாமல் யாரும் எதையும் சரிசெய்ய முடியாது, அவ்வளவுதான். அதற்குள் உங்கள் ஊழியர் அந்தப் பட்டியலைப் பக்கம் பக்கமாகக் கையால் ஒழுங்குபடுத்தி அச்செடுக்கப் பழகியிருப்பார். அடுத்த ஆண்டும் அதையே செய்வார்.

“விவரமாக எழுதியிருக்கிறோமே, அது போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்த புகாரைச் சொல்கிறேன். வேர்டில் செய்த உறுப்பினர் கடன் பட்டியலை லிப்ரேஆபிஸில் திறந்தால் மூன்றாம் பக்கத்தோடு அட்டவணை நின்றுவிடுகிறது, மீதி வரிசைகள் தாளுக்கு வெளியே போய்விடுகின்றன என்று எழுதியிருந்தார்கள். நல்ல விவரமான புகார், திரையைப் பிடித்த படமும் (ஸ்கிரீன்ஷாட்) இருந்தது. அதே போல ஓர் அட்டவணையை நானே செய்து பார்த்தேன், உடையவில்லை. தலைப்பு வரிசை ஒவ்வொரு பக்கத்திலும் வரும்படி வைத்தேன், கட்டங்களை இணைத்தேன், வரிசை பக்கத்துக்கு நடுவில் பிரியக்கூடாது என்று அமைத்தேன். எதிலும் உடையவில்லை. அந்தப் பட்டியல் வருடாவருடம் பழைய கோப்பை நகலெடுத்து, அதன்மேல் ஒட்டி, வெட்டி வளர்ந்தது. அப்படி வளர்ந்த ஒரு கோப்புக்குள் என்னென்ன அமைப்புகள் எந்த வரிசையில் படிந்து கிடக்கின்றன என்பதை அதை உருவாக்கியவராலேயே சொல்ல முடியாது. கோப்புக்கு மட்டும்தான் தெரியும்.

கோப்பு கிடைத்துவிட்டால் வேலை எப்படி மாறுகிறது என்பதையும் பாருங்கள். லிப்ரேஆபிஸின் பழைய நிலைகள் பல ஆயிரம், ஓட்டிப் பார்க்கத் தயாரான வடிவில் சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. நடுவிலிருக்கும் ஒன்றில் கோப்பைத் திறப்போம். உடைந்தால் அதற்கு முந்தைய பாதியில் தேடுவோம், உடையாவிட்டால் பிந்தைய பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால், பதினாறாயிரம் நிலைகள் இருந்தாலும் பதினான்கு முறை திறந்து பார்ப்பதற்குள் எந்த மாற்றம் இதைக் கெடுத்தது என்று தெரிந்துவிடும். ஒரு மாலை நேரத்து வேலை. நிரலாளருக்கு அதன்பின் எங்கே பார்ப்பது என்ற குழப்பமே இருக்காது.

இன்னொரு பயன் இதைவிடப் பெரியது. வழு சரியானதும், அதைக் காட்டிக்கொடுத்த கோப்பு பல நேரங்களில் மென்பொருளின் மூல நிரலோடு சோதனைக் கோப்பாகச் சேர்க்கப்படும். பிறகு யார் எந்த மாற்றத்தைச் செய்தாலும் அந்தக் கோப்பைத் திறந்து சரிபார்த்த பிறகே அது உள்ளே போகும். இதல்லாமல், ஒரு லட்சத்துக்கும் அதிகமான கோப்புகளைத் தானாகத் திறந்து பார்த்து, எங்கே மென்பொருள் விழுகிறது என்று கண்டுபிடிக்கும் சோதனையும் நடக்கிறது. பயனர்கள் புகார்களோடு இணைத்த கோப்புகள்தான் அந்தத் திரட்டின் அடிப்படை. ஜெர்மன் நகராட்சியின் படிவமும் பிரெஞ்சு அமைச்சகத்தின் அறிக்கையும் அப்படி உள்ளே போனால் அவர்களுடைய தேவைகள் காக்கப்படும். உயிர்மெய்க் குறிகள் நிறைந்த நம் பட்டியல் உள்ளே இல்லாவிட்டால், தமிழில் ஏதாவது உடைந்தாலும் எந்தச் சோதனையும் மணியடிக்காது. நாம்தான் அச்செடுத்த பிறகு கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, அப்படியானால் கோப்பை அப்படியே இணைத்துவிடச் சொல்கிறேனா? தயவுசெய்து அதைச் செய்யவேண்டாம்.

புகார்கள் பதிவாகும் இணையதளமான வழுப்பட்டியலில் இணைக்கும் கோப்பை உலகில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கேட்டால் நிர்வாகிகள் நீக்குவார்கள், ஆனால் அதற்குள் எத்தனை பேரிடம் போயிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சோதனைக் கோப்பாக மூல நிரலில் சேர்ந்துவிட்டால் அதன் வரலாற்றிலிருந்து அழிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். ஒருமுறை ஒரு அலுவலகத்திலிருந்து, நல்லெண்ணத்தோடுதான், முழுப் பட்டியலையும் இணைத்திருந்தார்கள். பெயர், தகப்பனார் பெயர், ஆதார் எண், கைபேசி எண் என எல்லாம் இருந்தன. நீக்கச் சொல்லி உடனே எழுதினேன், நீக்கினார்கள். அந்தப் பட்டியலில் இருந்த யாரிடமும் யாரும் அனுமதி கேட்டிருக்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

வெறுமனே பார்வைக்கு மறைப்பதும் உதவாது. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை ஒரு தகவல் உரிமைக் கேள்விக்குப் பதிலாக விரிதாள் ஒன்றை வெளியிட்டது. மறைத்து வைக்கப்பட்ட ஒரு தாள் அதற்குள் இருந்தது. 9,483 காவலர்கள், ஊழியர்களின் குடும்பப்பெயர், பதவி, பணியிடம் எல்லாம் அதில் இருந்தன. சில மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். அதற்குள், காவலர்களைக் குறிவைக்கும் ஆயுதக் குழுவினரின் கைக்கே அது போய்விட்டதாகக் காவல்துறைத் தலைவர் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு 7,50,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. 2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிடிஎஃப் கோப்பில் கறுப்புப் பட்டைகளுக்கு அடியில் எழுத்துகள் அப்படியே இருந்தன. நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டியவர்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டார்கள். நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு செய்யாமல் தரவைக் கசியவிட்டால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. உங்கள் தயக்கத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது.

எங்களுக்குத் தேவை உறைதான், உள்ளே இருக்கும் கடிதம் வேண்டாம். உள்ளடக்கத்தை எடுத்துவிட்ட பிறகும் அதே இடத்தில் அதே மாதிரி உடையும் ஒரு நகல் போதும். அப்படி ஒரு நகலைச் செய்வது பழகிவிட்டால் அரை மணி நேர வேலை. எப்படிச் செய்வது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலக் கோப்பை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

முதலில் மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுங்கள். நகலில் பாதியை அழித்துவிட்டுத் திறந்து பாருங்கள். இன்னும் உடைகிறதா? அப்படியானால் மீதியிலும் பாதியை அழியுங்கள். உடையவில்லையென்றால் அழித்ததை மீட்டு மற்ற பாதியை அழியுங்கள். நாற்பது பக்கக் கோப்பு பெரும்பாலும் இப்படியே இரண்டு பக்கமாகச் சுருங்கிவிடும். ரகசியத்தில் பெரும்பகுதி இந்த ஒரு படியிலேயே போய்விடும். சுருங்கிய கோப்பு நிரலாளருக்கும் வரப்பிரசாதம்.

மிஞ்சிய எழுத்துகளை மாற்றவேண்டும். எல்லா எழுத்தையும் ஆங்கில எக்ஸாக மாற்றிவிடுங்கள் என்பதுதான் வழக்கமான அறிவுரை. தமிழ்க் கோப்பில் அப்படிச் செய்தால் பல நேரம் வழுவே மறைந்துவிடும். கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்து, வரி முறியும் இடம், எழுத்தின் அகலம் என்று சிக்கல் தமிழ் எழுத்துகளில்தான் இருந்திருக்கும். அதனால் மெய்யை மட்டும் மாற்றுங்கள், குறிகளை விட்டுவிடுங்கள். தேடு-மாற்று பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற தெரிவைத் (வேர்டில் Use wildcards) தேர்ந்துகொண்டு [க-ஹ] என்று தேடி, க என்று மாற்றினால் போதும். யூனிகோடில் தமிழ் மெய்யெழுத்துகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கின்றன. “முருகேசன்” என்பது “குகுகேகக்” என்றாகும். எழுத்து எண்ணிக்கையும் உயிர்க்குறிகளும் புள்ளியும் இருந்த இடத்திலேயே இருக்கும். அட்டவணை உடைவது எழுத்துச் சேர்க்கையால் என்றால் பெரும்பாலும் இன்னமும் உடையும். மு, ரு போன்றவற்றுக்குத் தனித்தனி வடிவம் இருப்பதால் சில வழுக்கள் இதிலும் மறைந்துபோகலாம். அப்போது எந்தச் சொல்லில் சிக்கல் இருக்கிறதோ அதை மட்டும் விட்டுவைத்து மற்றதை மாற்றுங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை. ஆள் பெயர்களுக்கு இந்த மாற்று போதாது. குறிகள் அப்படியே நிற்பதால், ஊரையும் சங்கத்தையும் அறிந்தவர் “குகுகேகக்” யாரென்று ஊகித்துவிட முடியும். பெயர்களையும் ஊர்களையும் முதலிலேயே கற்பனைப் பெயர்களாகக் கையால் மாற்றிவிட்டு, பிறகு மற்ற எழுத்துகளுக்கு இதைச் செய்யுங்கள். எண்களில் இலக்கங்களின் எண்ணிக்கை மாறாமல் எல்லா இலக்கத்தையும் 1 என்று ஆக்கிவிடலாம்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் நம் அலுவலகங்களில் இன்னும் ஏராளம். அவற்றில் திரையில் தெரிவதுதான் தமிழ், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். மேலே சொன்ன தேடல் அங்கே எதையும் பிடிக்காது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குப்பையாகத் தெரிவதைப் பார்த்து, “இதை யாரால் படிக்க முடியும்?” என்று அப்படியே அனுப்பிவிடுபவர்களும் இருக்கிறார்கள். எழுத்துரு மாற்றி ஒன்றில் ஒட்டினால் ஒரே நொடியில் யூனிகோடுத் தமிழாக வந்துவிடும். அந்தக் கோப்புகளில் ஆங்கில எழுத்துகளைத்தான் மாற்றவேண்டும். விலைக்கு வாங்கிய எழுத்துரு கோப்புக்குள் பொதிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதைப் பொதுவில் பகிர உங்களுக்கு உரிமை இருக்காது.

வேர்டில் பிறந்த கோப்பை லிப்ரேஆபிஸில் திறந்து மாற்றிச் சேமிக்காதீர்கள். சேமிக்கும்போது உள்ளமைப்பு முழுவதும் புதிதாக எழுதப்பட்டு, நாம் தேடும் கோளாறு அழிந்துபோக வாய்ப்பிருக்கிறது. வேர்டிலேயே மாற்றுங்கள். அல்லது, கொஞ்சம் விவரம் தெரிந்த ஆள் இருந்தால், docx கோப்பின் பெயர் நீட்டிப்பை ஜிப் என்று மாற்றித் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். அவற்றின் கட்டளைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ் மெய்களை மட்டும் மாற்றும்போது கட்டமைப்பில் ஒரு புள்ளிகூட அசையாது. யூனிகோடுத் தமிழுக்கு வாய்த்த நல்ல வசதி இது. பழைய எழுத்துருக் கோப்பில் இதைச் செய்தால் கட்டளைகளும் சேர்ந்து சிதைந்துவிடும். அவற்றுக்கு வேர்டுதான் சரி.

கண்ணுக்குத் தெரியாத இடங்கள்தான் ஆபத்தானவை. ஆவணப் பண்புகளில் எழுதியவர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இருக்கும். திருத்தங்களைத் தடம்வைக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் நீக்கிய வரிகள் உள்ளேயே உறங்கும். ஓரக் குறிப்புகளும் இருக்கும். படத்தை வெட்டிச் சிறிதாக்கியிருந்தால் வெட்டிய பகுதியும் உள்ளே இருக்கலாம், கைபேசியில் எடுத்த படமென்றால் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகூட இருக்கலாம். விரிதாளில் பிவட் அட்டவணை (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போட்டிருந்தால் மூலத் தாளை அழித்த பிறகும் அதன் தரவு நகலாக உள்ளே தங்கும். நான் பார்த்தவற்றில் மிக மோசமானது வரைபடம் (சார்ட்). எக்செலில் போட்ட சிறு வரைபடத்தை வேர்டில் ஒட்டும்போது, தேர்ந்த முறையைப் பொறுத்து, அந்த எக்செல் கோப்பு முழுவதுமே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் நான்கு கம்பங்கள்தான் தெரியும். ஜிப்பைத் திறந்தால் மொத்த ஊழியர்களின் சம்பளப் பட்டியலும் இருக்கும். மறைந்திருக்கும் தகவலைத் தேடித்தரும் வேர்டின் டாக்குமென்ட் இன்ஸ்பெக்டர் இவற்றில் பலவற்றைக் காட்டும், எல்லாவற்றையும் காட்டாது. கடைசியாக ஜிப்பைப் பிரித்துப் போட்டு, உண்மையான ஒரு பெயரையும் ஓர் எண்ணையும் எல்லாக் கோப்புகளிலும் தேடச் சொல்லுங்கள். எங்கும் கிடைக்கவில்லை என்ற பிறகு அனுப்பலாம்.

பிடிஎஃப் இன்னும் சிக்கலானது. திருத்திச் சேமித்தால் பழைய பக்கம் கோப்பின் முன்பகுதியில் அப்படியே இருந்துவிடக்கூடும். முடிந்தவரை, பிடிஎஃப்பை உண்டாக்கிய மூலக் கோப்பில் போலித் தகவலை நிரப்பி, அதே மென்பொருளில் மறுபடி பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

எவ்வளவு செய்தாலும் வழு காலிக் கோப்பில் வராமல் அடம்பிடிக்கும் நேரங்கள் உண்டு. சில திட்டங்களில் இதற்கென்றே ஏற்பாடு இருக்கிறது. பிடிஎஃப் கோப்புகளைக் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் திட்டத்தினர் பொதுவில் காட்டாத சோதனைக் கோப்புகளின் தொகுப்பு ஒன்றைத் தனியே வைத்திருக்கிறார்கள். லிப்ரேஆபிஸுக்குக் கட்டணத்துக்கு ஆதரவு தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்களோடு ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கோப்பைக் கொடுக்கலாம். பெரிய மருத்துவமனைக்கோ துறைக்கோ இதுவே பொருத்தம். அவர்கள் சரிசெய்யும் மாற்றம் எல்லோருக்குமான நிரலில்தான் சேரும். ஆனால் “மின்னஞ்சலில் எனக்கு மட்டும் அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று ஒரு தன்னார்வலர் கேட்டால் மறுத்துவிடுங்கள். நானே கேட்டாலும் மறுங்கள். நான் யாருக்கும் ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டவன் இல்லை. என் மடிக்கணினி தொலைந்தால் உங்கள் நோயாளிகளுக்குப் பதில் சொல்ல என்னால் முடியாது.

எங்கள் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. 2024 மார்ச் இறுதியில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் பின்வாசல் (திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி) ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதே, அந்த நஞ்சு ஒளித்துவைக்கப்பட்டிருந்தது சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் சேர்க்கப்பட்டவற்றுக்குள்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் விளங்காத பெரிய கோப்பை ஒரு திட்டத்துக்குள் சேர்க்க இப்போது எல்லோருமே யோசிக்கிறார்கள். நீங்கள் சுருக்கி, காலிசெய்து தரும் இரண்டு பக்கக் கோப்பு எங்களுக்கும் பாதுகாப்பானது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஒரே ஒரு பக்கத்தில் ஓர் உள் சுற்றறிக்கை போடுங்கள். வழு அறிக்கைக்காகக் கோப்பின் காலி நகலைத் தரலாம் என்று அதில் எழுத்தில் இருக்கட்டும். நகலைத் தயாரிப்பவர் ஒருவர், பிரித்துச் சரிபார்ப்பவர் வேறொருவர் என்று இருக்கட்டும். தயாரித்தவர் கண்ணுக்குத் தான் விட்டது தெரியாது. இரண்டு பேரும் கையெழுத்திட்ட பிறகு அனுப்பினால், பின்னால் ஒருவேளை கேள்வி வந்தாலும் அந்த ஊழியர் தனியாக நிற்கவேண்டியிருக்காது. நான் பேசிய ஊழியர்களில் பலர் தயங்குவதற்குக் காரணம், கோப்பைக் காலிசெய்யத் தெரியாதது இல்லை. தவறினால் தன்னை மட்டும் பிடிப்பார்கள் என்ற பயம்தான். அந்தப் பயத்தை உங்கள் ஒரு கையெழுத்து போக்கிவிடும். இதற்கான அரை மணி நேரத்தை அலுவலக வேலையாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். உரிமக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தும் மென்பொருளுக்கு அலுவலகம் செலுத்தக்கூடிய பங்கு இதைவிடக் குறைவாக இருக்க முடியாது.

அடுத்து, உங்கள் அலுவலகத்திலிருந்து இதற்குமுன் யாராவது புகார் அனுப்பியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அனுப்பியிருந்தால் புகார் எண் அவருடைய மின்னஞ்சலில் இருக்கும். மூடப்பட்டிருந்தாலும் கவலையில்லை. அதே எண்ணின்கீழ் காலி நகலை இணைத்து, நிலையை “உறுதிசெய்யப்படாதது” என்று மாற்றினால் அது மறுபடி எங்கள் வரிசைக்கு வந்துவிடும். எந்தப் பதிப்பில் திறந்தீர்கள், எந்தப் பக்கத்தில் உடைகிறது, எப்படி வந்திருக்கவேண்டும் என்ற மூன்றையும் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதும் பொறுப்பை எங்களில் யாராவது ஏற்றுக்கொள்வோம்.

அன்புடன்,
வழுப்பட்டியலில் தமிழ்ப் புகார்களைப் பார்க்கும் ஒரு தன்னார்வலர்